பீற்றிஸ் முற்றத்துக் கடல்

மட்டக்களப்பு வாவியின் அடிச்சேற்றில் ஒரு கரண்டி எடுத்து, அதற்குள் கிடந்த சங்குகளை ஒவ்வொன்றாக எண்ணி முடித்தவள் நான். கல்லடிப் பாலத்தால் ஒரு வருஷத்துக்குப் போய்வருகிற சனத்தைவிட அவை அதிகம்.

சரி, எண்ணி முடிக்கவில்லை. எண்ணத் தொடங்கினேன். ஏழெட்டைத் தாண்டுமுன் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நுணுக்குக்காட்டியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தேன். ஆனால் கண்டது மெய். ஒரு கடுகைப் பத்தாகக் கிழித்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் ஒவ்வொரு சங்கும். அந்தத் துண்டுக்குள்ளே அறை, அறையை ஒட்டி இன்னோர் அறை, நத்தைபோலச் சுற்றிக்கொண்டு போகும். முறுக்குப் போல ஒன்று, பயற்றங்காய் போல ஒன்று, யாரோ வெள்ளிக்கம்பியில் சுற்றி எறிந்த தோட்டைப் போல ஒன்று. உள்ளே இருந்த உயிர் எப்போதோ செத்துவிட்டது. ஓடு மட்டும் சேற்றில் புதைந்து கிடந்து, உயிர்ச்சுவடு என்று பெயர் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது.

எனக்குப் பிறகு அந்த நுணுக்குக்காட்டியில் குனிந்தவள் பீற்றிஸ். அவள் எண்ணவில்லை. பின்னால் காத்துநின்ற கம்பஸ் பிள்ளைகள் இருமத் தொடங்கும்வரை குனிந்தபடியே நின்றாள். இது அவளுடைய கதை. எனக்கு வேலிக்கு அங்கால் இருப்பவள். அதனால் அதிகம் புளுக முடியாது. புளுகினால் கேட்டுவிடும்.

பீற்றிஸ் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கல்லடியில்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டுக்கும் நடுவே படுத்துக் கிடக்கும் மணல்தான் எங்கள் ஊர். புருஷன் சில்வெஸ்டர் வாவியில் இறாலும் மீனும் பிடிக்கிறவர். வாவி என்று நான் எழுதுகிறேன். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, அவருக்கு அது ஆறு. மகன் டினேஷ் கட்டாரில். பீற்றிஸ் விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். கோயில் திருநாளில் முன்வரிசையில் நிற்கமாட்டாள், சண்டை நடக்கிற வேலியோரத்திலும் நிற்கமாட்டாள். ஊரில் அவளைப்பற்றிச் சொல்ல ஒரு விசயந்தான் உண்டு: அவள் கையால் எதுவும் குறைந்து போகாது.

ஒரு சுண்டு சீனி கைமாற்றாக வாங்கினால், திருப்பித் தருகிற சுண்டு கோபுரம் கட்டி நிற்கும். கறி கொடுத்தனுப்பிய கோப்பை அவள் வீட்டிலிருந்து வெறுங்கோப்பையாகத் திரும்பியதில்லை; ஒன்றுமில்லாத நாளில் ஓர் இணுக்குக் கறிவேப்பிலையாவது கிடக்கும். சோதித்துப் பார்ப்பதற்காகவே நான் ஒருமுறை வெறுந்தட்டத்தைக் கொடுத்தனுப்பினேன். பப்பாசிப்பழத்தோடு வந்தது.

"குறையாக் குடுத்தா அந்த வீடு உருப்படாது டீச்சர்" என்பாள்.

இன்னொரு விசயமும் உண்டு. அதை ஊர் பேசாது. பீற்றிஸுக்கு மெற்றில்டா என்று ஒரு தங்கை இருந்தாள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மறுநாள் காலை, கரையில் கரவலை இழுக்கிறார்கள், போய் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வா என்று பீற்றிஸ்தான் அவளை அனுப்பினாள். அது சுனாமி வந்த காலை. மெற்றில்டா மீனோடும் வரவில்லை, மீனில்லாமலும் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்த கிழவி ஒருத்தி, "கடல் சும்மா ஏறி வராது பிள்ள, மனிசர்ர குத்தத்துக்குத்தான் வரும்" என்றாள். அவள் உலகத்தை நினைத்துச் சொன்னாள். பீற்றிஸ் அதைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு அதை இறக்கி வைக்கவேயில்லை. நத்தாருக்கு மறுநாள் அவள் வீட்டில் இன்றைக்கும் மீன் இல்லை.

இனிச் சேற்றுக்கு வருவோம்.

உன்னிச்சையில் வயல் செய்கிற குடும்பத்துப் பெண் கம்சாயினி, வந்தாறுமூலைக் கம்பஸில் மேற்படிப்புப் படிக்கிறாள். அவளுடைய ஆராய்ச்சிக்கு வாவியின் அடிச்சேறு வேண்டியிருந்தது; சேற்றை எடுக்கத் தோணி வேண்டியிருந்தது. அப்படித்தான் சில்வெஸ்டர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஒரு கோடை முழுக்க இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுவான்கரைப் பக்கமாகக் கண்டல் மரங்களுக்குக் கிட்டப் போவார்கள். சாம்பல்நிறப் பைப்பை நேராக நிறுத்திச் சேற்றுக்குள் அடித்து இறக்குவார்கள். மேல்வாயைக் காற்றுப் போகாமல் மூடி, மெல்லப் பிடுங்கினால், உள்ளே போன சேறு போன வரிசையிலேயே ஏறி வரும். இரண்டு வாயையும் மூடி, மேல்வாயில் சிவப்புப் பட்டி ஒட்டி, படுக்க விடாமல் நிற்கவைத்தே கொண்டுபோக வேண்டும். நானும் ஒருநாள் தோணியில் போய் ஒரு குழாயைத் தனியாகப் பிடுங்கினேன் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுதவில்லை.

மாலையில் இருவரும் சேறும் சகதியுமாக வந்து பீற்றிஸின் முருங்கைமரத்தடியில் தேத்தண்ணி குடிப்பார்கள். வேலியால் நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன்.

"என்ன மனே, இந்தச் சேத்துக்குள்ள தங்கமா கிடக்கு?" என்று பீற்றிஸ் ஒருநாள் கேட்டாள். மகனென்றாலும் மகளென்றாலும் எங்கள் பக்கம் 'மனே'தான்.

"தங்கம் இல்ல அன்ரி. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள்ர ஓடு. போராம் எண்டு சொல்லுவம். ஆத்துக்க வாழுற சாதி வேற, கடலுக்க வாழுற சாதி வேற."

"அங்கயும் சாதியா?" என்றார் சில்வெஸ்டர். "சேத்துக்க போயும் விடல்லயா?"

"அங்க சண்டை இல்ல அங்கிள்" என்று சிரித்தாள் அவள். "ஆத்துச் சேறு கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவில ஒரு பட்டையா மணல் கிடந்து, அதுக்குள்ள கடல்ச் சாதி ஓடு இரிந்தா, ஒருநாள் கடல் ஏறி உள்ளுக்க வந்திரிக்கி எண்டு அர்த்தம். மேலாப்புல ஒண்டு கிடக்கும். அது நம்மட சுனாமி."

பீற்றிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "மேல கிடக்கிறது நம்மட. கீழயும் ஒண்டு கிடந்தா?"

"அது நாம ஆரும் பிறக்க முதல் வந்த கடல்."

"அப்ப அது ஆர்ர குத்தத்துக்கு வந்தது?"

"குத்தமா? கடலுக்கு என்ன தெரியும் அன்ரி குத்தம்? அடியில நிலம் குலுங்கினா தண்ணி வரும். அவ்வளவுதான்."

பீற்றிஸ் மறுபடியும் கோப்பையை எடுத்தாள். குடித்ததாக எனக்கு நினைவில்லை.

கடைசியாக எடுத்த குழாய்களை ஏற்ற வரவேண்டிய வான் வண்டி அன்று வழியில் நின்றுவிட்டது. குழாய்களை அந்த முருங்கைமரத்திலேயே நிற்கக் கட்டிவிட்டு, காலையில் வேறு வானோடு வருகிறேன் என்று கம்சாயினி போய்விட்டாள். காலையில் சில்வெஸ்டர் ஆற்றுக்குப் போன பிறகு பீற்றிஸ் தனியாக இருந்தாள். அந்த வீட்டில் ஒரு சிவப்புச் சேவல் நின்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிற சண்டியன். அது பறந்து குழாயின் தலையில் ஏற, கட்டு நழுவி, ஓரத்தில் நின்ற குழாய் சரிந்து, கீழ்வாயின் மூடி கழன்றுவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குச் சேறு வெளியே விழுந்தது. கோழிகள் எல்லாம் அதைக் கிண்டப் பாய்ந்தன.

பீற்றிஸ் அவற்றைத் துரத்திவிட்டு, விழுந்த சேற்றை அள்ளினாள். பாதிதான் தேறியது, மீதி முற்றத்து மணலோடு போய்விட்டது. குழாய் குறையாக நின்றது. குறையாக நிற்கிற பாத்திரத்தைப் பார்த்தால் அந்தக் கை என்ன செய்யும்? முற்றத்து மணலை நனைத்து, கீழ்வாயால் உள்ளே விட்டு, அகப்பைக் காம்பால் இறுக்கினாள். பிறகு, தேறிய சேற்றை அதற்கு வெளிப்புறமாக அடைத்து, மட்டமாகத் தடவி மூடியைப் பூட்டினாள். மேலே சேறு, நடுவில் மணல், அடியில் சேறு. கல்லடியில் முற்றம் என்றால் அது கடல்மணல் என்பதை இந்த ஊரில் பிறந்தவர்கள் நினைத்துப் பார்ப்பதேயில்லை. மீனுக்குத் தண்ணீர் மாதிரி.

சொல்லிவிடத்தான் இருந்தாளாம். வான் வந்தது. சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றான். கம்சாயினி ஓடிவந்து கட்டை அவிழ்த்தாள்.

"அன்ரி, ஒண்டும் அசையல்லத்தானே?"

"இல்ல மனே."

அந்த 'இல்ல'தான். வான் முச்சந்தி திரும்பும்போதே அது தொண்டையில் நின்றதாம், மீன்முள் மாதிரி.

மாரி தொடங்குமுன் ஒருநாள் கம்சாயினி துள்ளிக்கொண்டு வந்தாள். கையில் இரண்டு சட்டி உன்னிச்சைத் தயிர். "அன்ரி, உங்கட வீட்டு மரத்தில கட்டின பைப்புத்தான் என்னைக் காப்பாத்திச்சு! வாங்க, வந்து பாருங்க. டீச்சர், நீங்களும் வாங்க."

அப்படித்தான் நாங்கள் வந்தாறுமூலைக்குப் போனோம். குழாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து மேசையில் வைத்திருந்தார்கள். கறுத்த சேறு, மேலே நூல்போல ஒரு மணல்கீற்று, பிறகு நீளத்துக்குக் கறுப்பு. அடியை நெருங்கும்போது, தோசைக்கல்லில் ஊற்றிய மாப்போல வெளேரென்று ஒரு மணல்பட்டை. அதற்குக் கீழே மறுபடியும் சேறு.

"ஒரு விரல் கனம் கிடந்தாலே சந்தோசப்பட்டிருப்பன். இது நாலு விரல்!" என்றாள் கம்சாயினி. "கழுவி அரிச்சுப் பாத்தா முழுக்கக் கடல்ச் சாதி. ஆத்துச் சாதி ஒண்டுகூட இல்ல. எவ்வளவு பெரிய கடலா இரிந்திருக்கும்! காலம் இன்னும் பாக்கல்ல. அடுத்த மாதம் இஞ்ச ஒரு பெரிய கூட்டம் நடக்கு, கொழும்பால எல்லாம் ஆக்கள் வருவாங்க. அதில இதத்தான் சொல்லப் போறன்."

அப்போதுதான் நுணுக்குக்காட்டியில் நான் எண்ணியதும், எனக்குப் பிறகு பீற்றிஸ் குனிந்ததும். அவள் நிமிர்ந்தபோது முகம் நனைந்திருந்தது. கம்சாயினிக்கு மெற்றில்டாவின் கதை தெரியும். ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"பாத்தீங்களா அன்ரி? முதலும் வந்திரிக்கி. ஆர்ர குத்தமும் இல்ல."

இருபது வருஷத்துக்கு மேலாக பீற்றிஸ் கேட்க ஏங்கிய சொல் அது. கேட்டுவிட்டாள். கேட்கும்போதே, அதைச் சொல்லவைத்தது தன் முற்றத்து மணல் என்று இந்த உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் ஏதேதோ பகிடி விட்டேன். ஏறாவூர் கடந்தது, அவள் சிரிக்கவில்லை. தங்கையை நினைக்கிறாள் என்று பேசாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தயிர் புளித்தது. கம்சாயினி வரும்போதெல்லாம் சும்மா வரமாட்டாள். தயிர், பூசணிக்காய், சோளம், தகப்பன் வட்டையில் விளைந்த புது அரிசி. கொண்டுவந்த பைக்குள் பதிலுக்குக் கூனிறாலும் கருவாடும் வைத்து நிரப்பி அனுப்புவாள் பீற்றிஸ். முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். தயிரை வாயில் வைக்கமாட்டாள்.

"நாய்க்கு ஊத்திறாய், எனக்கு ஒரு கோப்பை தாறாயில்ல" என்று சில்வெஸ்டர் கத்துவது வேலிக்கு இங்கால் கேட்டது.

கூட்டத்துக்கு நாள் நெருங்கியது. பீற்றிஸ் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். அங்கே நடந்ததை நான் தெரிந்துகொள்ளக் கூடாதுதான், அவளாகச் சொன்னாள்.

"பாதர், மண்ணக் கலந்திட்டன்."

"எதுக்க பிள்ள? இடியப்ப மாவுக்கயா?"

"ஐயோ இல்ல பாதர். சேத்துக்க."

பாதர் கம்பிவலைக்குக் கிட்டக் காதைக் கொண்டுவந்தார். "ஆர்ர சேறு?"

"கம்பஸ்ட சேறு."

"களவெடுத்தீங்களா?"

"இல்ல பாதர். கூடக் குடுத்தன்."

பாதருக்கு முழுவதையும் விளங்கப்படுத்துவதற்குள் வெளியே நின்ற வரிசை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டதாம். கடைசியில் அவர், "மணல் பாவமில்ல. அந்தப் பிள்ள கேக்க 'இல்ல' எண்டீங்களே, அதுதான் பாவம். செபத்த மறுகா சொல்லலாம். முதல் போய் அவவிட்டச் சொல்லுங்க" என்றார்.

அன்று பின்னேரம்தான் வேலியருகே நின்று எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். நான் நல்ல புத்தி சொன்னேன் என்று இங்கே எழுத ஆசைதான். நான் சொன்னது இது:

"பொத்திக்கொண்டு இரு பீற்றிஸ். கூட்டம் முடியட்டும். நான் வாழ்நாள் முழுக்கச் சொன்ன பொய்யால இந்த ஊரில ஒரு ஓடுகூடக் கழண்டு விழல்ல."

"உங்கட பொய்ய ஆரும் நம்பிறல்ல டீச்சர்" என்றாள் அவள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "என்னை அந்தப் பிள்ள நம்பினது."

நான் உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கம்சாயினி வாசலில் நின்றாள். கூட்டத்தில் காட்டப்போகிற படங்களை முதலில் அன்ரிக்குக் காட்ட வேண்டுமாம். மடிக்கணினியை மேசையில் விரித்தாள், என்னையும் கூப்பிட்டார்கள். குழாயின் படம், மணல்பட்டையின் படம், பொடிச்சங்குகளின் படங்கள். கடைசியில் நன்றி சொல்கிற பக்கம். அதில் தகப்பன் தாய் பெயருக்கு அடுத்ததாக, திரு. சில்வெஸ்டர், திருமதி பீற்றிஸ்.

"என்ர பேர எடுத்திருங்க மனே" என்றாள் பீற்றிஸ்.

"ஏன் அன்ரி?"

"அந்த மணல் கடல் கொண்டு வந்ததில்ல. நான் அடைச்சது. இந்த முத்தத்து மணல்."

கம்சாயினி சிரித்தாள். "என்ன அன்ரி, டீச்சர்ர பழக்கம் உங்களுக்கும் ஒட்டிட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. பீற்றிஸ் சொல்லத் தொடங்கினாள். சேவல் ஏறியது, குழாய் விழுந்தது, சேறு போனது, மணலை நனைத்தது, அகப்பைக் காம்பு. சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் மாரி வானம்போலக் கறுத்துக்கொண்டு வந்தது. சில்வெஸ்டர் கதவோரத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"நான் கேட்டனே. ஒண்டும் அசையல்லத்தானே எண்டு கேட்டனே" என்றாள் கம்சாயினி.

"கேட்டீங்க. நான் இல்ல எண்டன்."

"அண்டைக்கே சொல்லியிருந்தா அடுத்த நாளே வேற பைப் இறக்கியிருப்பன். இப்ப ஆறு முட்ட மாரித்தண்ணி. என்ன செய்யிற நான்? கம்பஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டன். அப்பா வட்டைக்க நிண்ட ஆக்களுக்கெல்லாம் சொல்லிட்டார்." மடிக்கணினியை மூடினாள். "வாயால குறையுது எண்டு சொல்லியிருக்கலாமே அன்ரி. குறையாத் தந்திருந்தா நான் என்ன, திருப்பியா தந்திருப்பன்?"

"குறையாக் குடுக்கக் கை வரல்ல மனே."

கம்சாயினி முற்றத்தில் இறங்கி ஒரு பைக்குள் மணலை அள்ளிக்கொண்டாள். படலையைத் தாண்டுமுன் திரும்பிவந்து, மேசையில் கிடந்த வெறுந்தயிர்ச்சட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். பீற்றிஸ் ஏதாவது போட எழும்புவதற்குள் அவள் தெருவுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டிலிருந்து ஒரு சட்டி வெறுமையாகப் போனதை நான் அன்றுதான் கண்டேன்.

சில நாளில் தொலைபேசி வந்தது. சில்வெஸ்டர் சத்தத்தைக் கூட்டிப் பிடித்தார்; எல்லோரும் கேட்டோம்.

"ரெண்டும் ஒரே மணல்தான் அன்ரி. உங்கட முத்தத்து மணலுக்க முட்டைக்கோது கிடக்கு. பைப்புக்கயும் கிடந்தது. நான் அதக் கடல்ச் சிப்பிர துண்டு எண்டு நினைச்சுப் படம் கீறி வச்சிரிக்கன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பீற்றிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. ஆனாலும் பீற்றிஸ் போனாள். துணைக்கு நானும் போனேன். மழைக்குள் நனைந்துபோய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தோம். கம்சாயினி எழும்பி மேல்மணலைப்பற்றி மட்டும் பேசினாள். எங்கள் சுனாமியின் மணல் வாவிக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, அதில் என்னென்ன ஓடுகள் கிடக்கின்றன என்பது மட்டும். எல்லோருக்கும் தெரிந்த கடல். பெரிதாக யாரும் நிமிர்ந்து கேட்கவில்லை. முடிவில் சொன்னாள்:

"ஒரு குழாயை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குள் வெளிமணல் கலந்துவிட்டது. அதைப் பாதுகாப்பாக வைக்காதது என்னுடைய பிழை."

முன்வரிசையில் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பீற்றிஸ் எழும்பப் பார்த்தாள். நான் அவளுடைய சேலையைப் பிடித்து இருத்தினேன். எழும்பி என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிழையை அந்தப் பெண் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டதுதான் அவளால் தாங்க முடியாததாய்ப் போனது.

"என்ர பாரத்த அந்தப் பிள்ள தூக்குது டீச்சர்" என்று பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தண்ணீர் வடிந்ததும் சில்வெஸ்டரே தொலைபேசி எடுத்தார். அதே இடத்தில் இன்னொரு குழாய் இறக்குவோம், தோணி என்னுடையது, கூலி பேசாதே என்றார். கம்சாயினி வந்தாள். அளவாகக் கதைத்தாள். பீற்றிஸும் தோணியில் ஏறினாள். கடல் வந்த நாளுக்குப் பிறகு அவள் தண்ணீரில் கால் வைத்தது அதுதான் முதல். குழாய் ஏறி வந்ததும் அதை மடியில் நிறுத்தி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கரைக்கு வந்தும் விடவில்லை. வானிலும் அப்படியே இருந்து வந்தாறுமூலைவரை போனாள். பிளக்கும்போதும் பக்கத்தில் நின்றாள்.

மேலே நூல்போல மணல். அதற்குக் கீழே கறுப்பு. அடிவரைக்கும் கறுப்பு.

"இல்ல அன்ரி" என்றாள் கம்சாயினி.

"அப்ப முதல் வரல்லயா?"

அந்தப் பெண் குழாயை இன்னொருமுறை அடிவரை பார்த்தாள். கையில் இருந்த தூரிகையைக் கழுவித் துடைத்து வைத்தாள். "இந்த இடத்தில இல்ல. இல்ல எண்டதால வரல்ல எண்டு ஆகாது. வந்த மண்ண ஆறு திருப்பி அரிச்சுக்கொண்டும் போயிருக்கும். தெற்குப் பக்கக் களப்பொண்டில பழைய கடல்ர மண் கண்டிருக்காங்க. இஞ்ச எனக்குத் தெரியாது. தெரியாதத நான் சொல்லக் கூடாது."

பீற்றிஸ் தலையாட்டினாள். அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதலை அவளே தன் வாயால் அழித்தாயிற்று. அதற்குப் பதிலாகக் கிடைத்தது 'தெரியாது' என்ற ஒரு சொல். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

கம்சாயினியின் படிப்பு நின்றுவிடவில்லை, பிந்திவிட்டது. இப்போது வாவியின் வேறு முனையில், வேறு யாருடைய தோணியிலோ சேறு எடுக்கிறாள். தூரம் அப்படி, சில்வெஸ்டரின் தோணி அங்கே போகாது என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். இந்தப் பக்கம் வந்தால் எட்டிப் பார்ப்பாள், தேத்தண்ணி குடிப்பாள், அன்ரி என்றுதான் கூப்பிடுவாள். தயிர் கொண்டு வருவதில்லை.

சேவலின் கதையையும் சொல்லிவிட வேண்டும். பீற்றிஸ் உண்மையைச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சில்வெஸ்டர் அதைப் பார்க்கிற பார்வை சரியில்லை. "ஒரு படிச்ச பிள்ளைர வாழ்க்கையில ஏறி நிண்டு கூவின சனியன்" என்று திட்டிக்கொண்டே இருந்தார். நத்தாருக்கு அதைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தார்கள். எனக்கு ஒரு கால் வந்தது. சண்டியனின் கால் சண்டியத்தனமாகவே இருந்தது. பொய்ப்பல் எல்லாம் ஆடிவிட்டது. அது ஓர் ஆட்டுக்குட்டி அளவு இருந்தது என்று எழுதலாம் என்றுதான் பார்த்தேன். பீற்றிஸ் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. வளர்த்த கை, மனம் உருகியிருக்கும் என்று நினைத்தேன்.

இவ்வளவையும் எழுதி, இன்று பின்னேரம் பீற்றிஸைக் கூப்பிட்டு இருத்தி வாசித்துக் காட்டினேன். அவளுடைய கதை, அவள் வேண்டாமென்றால் கிழித்துப் போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வாசித்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டு கேட்டாள். இடியப்பத்துக்குத் தலையாட்டினாள். மெற்றில்டாவின் பெயர் வந்தபோது கை நின்றது, பிறகு உருவியது. பாதரின் இடத்தில் லேசாகச் சிரித்தாள். ஆட்டுக்குட்டி அளவு சேவல் என்றதும் கீரைத் தட்டத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

"டீச்சர், அத மாத்தி எழுதுங்க."

"ஆட்டுக்குட்டி கூடிப்போச்சா? கோழி அளவு எண்டு போடுறன்."

"அது இல்ல. சேவல் ஒண்டும் பைப்பில ஏறல்ல. நான்தான் கட்ட அவிழ்த்து மூடியக் கழட்டினன், கீழயும் கடல் மணல் கிடக்கா எண்டு பாக்க."